எலும்பு, கண்ணாடி, விஷ ஆப்பிள்: ஹாலோவீன் விருந்துக்கு மூன்று இனிப்புகள்

ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 மாலை பேய் வேடமிட்டு, மிட்டாய் கேட்டுப் பை ஏந்தி வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் செய்த இனிப்பைக் கொடுக்காதீர்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் உறை பிரிக்காத கடைச் சாக்லேட்டைத்தான் பெற்றோர் நம்புவார்கள். மற்றது குப்பைக்குப் போகும். கைவேலையைக் காட்ட ஏற்ற இடம், தெரிந்தவர்கள் மட்டும் கூடும் வீட்டு விருந்துதான்.

அதற்கு இங்கே மூன்று: மெரிங் (வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து உலர்த்தியது) எலும்புகளும் பேய்களும், ரத்தம் வழியும் சீனிக் கண்ணாடி, கறுப்பு விஷ ஆப்பிள். மூன்றுமே சீனியின் வித்தை, மூன்றையும் கெடுப்பது ஈரம். அதனால் வேலையை நாள் பிரித்துச் செய்ய வேண்டும். எலும்புகளை ஒரு வாரம் முன்பே செய்து காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். கண்ணாடி முந்தின நாள். ஆப்பிள் விருந்தன்று காலைதான், அதற்கு முன் கூடாது. மழை பெய்யும் நாளையும், பக்கத்து அடுப்பில் ரசமோ சூப்போ கொதிக்கும் நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

எலும்புகளும் பேய்களும்

4 பெரிய முட்டைகளின் வெள்ளைக்கரு 120 முதல் 130 கிராம் இருக்கும். சீனி அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 250 கிராம். எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. முட்டையைக் குளிராக இருக்கும்போது பிரித்தால் மஞ்சள் கரு உடையாது. ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகே பெரிய பாத்திரத்தில் சேருங்கள். ஒரு துளி மஞ்சள் கரு விழுந்தாலும் அதிலுள்ள கொழுப்பு நுரையை எழும்ப விடாது. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் இதே கதிதான். பிளாஸ்டிக் கிண்ணத்தில் பிசுக்கு ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் எவர்சில்வரோ கண்ணாடியோ நல்லது.

வெள்ளைக்கரு, சீனி, எலுமிச்சைச் சாறு, உப்பு எல்லாவற்றையும் பாத்திரத்தில் போட்டு, மெல்லக் கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் வையுங்கள். பாத்திரத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. விடாமல் கிளறி 71 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவாருங்கள். அந்தச் சூட்டில் முட்டையும் பாதுகாப்பாகிறது, சீனியும் கரைகிறது. சிறிது எடுத்து இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள்; நறநறவென்று மணல் போல் இருந்தால் இன்னும் கரையவில்லை. பிறகு இறக்கி, மின் பீட்டரில் அதிவேகத்தில் 8 முதல் 10 நிமிடம். பாத்திரம் ஆறி, பீட்டரைத் தூக்கினால் கூம்பு நட்டமாக நிற்க வேண்டும். கூம்பு தலை சாய்ந்தால் பேயும் தலை சாய்ந்தே நிற்கும்.

பைப்பிங் பையில் 1 செ.மீ. வட்ட முனை போட்டுக்கொள்ளுங்கள். எலும்புக்கு 8 செ.மீ. நீளக் கோடு இழுத்து, இரண்டு நுனியிலும் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு பொட்டுகள். பேய்க்கு அடியில் பெரிய பொட்டு, அதன்மேல் சிறியது, கடைசியில் அழுத்துவதை நிறுத்திவிட்டுப் பையை மேலே இழுங்கள். அழுத்திக்கொண்டே இழுத்தால் தலையில் வால் முளைக்கும். பேக்கிங் பேப்பர் விரித்த தட்டில், 95 டிகிரி செல்சியஸ் ஓவனில் இரண்டு மணி நேரம். இங்கே நடப்பது வேகவைத்தல் அல்ல, வற்றல் காயவைப்பது போன்ற உலர்த்தல். பேப்பரிலிருந்து ஒட்டாமல் எழும்பினால் ஆயிற்று. ஓவனை அணைத்து, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். பாதியில் திறந்தால் வெடிப்பு விழும்.

பழுப்பு நிறம் ஏறினால் ஓவன் சொல்லும் சூடு பொய். வீட்டு ஓவன்களில் 10, 15 டிகிரி வித்தியாசம் சகஜம். உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுவது உத்தமம். மேலே தேன் துளிபோல் பாகு கசிந்திருந்தால் சீனி கரையவில்லை, அல்லது சூடு அதிகம். மறுநாள் பிசுபிசுத்தால் பதற வேண்டாம்: அதே 95 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் மீண்டும் மொறுமொறுக்கும்.

கண்களை ஆறிய பிறகே வையுங்கள். உருக்கிய கறுப்புச் சாக்லேட்டைப் பல்குத்தியால் தொட்டு இரண்டு புள்ளி, கீழே ஒரு நீள்வட்ட வாய். தண்ணீர் கலந்த நிறத்தால் கண் எழுதினால் மெரிங் அந்த இடத்தில் கரைந்து குழிந்துவிடும்.

முட்டை சாப்பிடாதவர்கள் வருகிறார்களா? டின்னில் வரும் கொண்டைக்கடலையின் தண்ணீர் கைகொடுக்கும். உப்பில்லாத டின்னாகப் பார்த்து வாங்கி, அந்த நீரை வெள்ளைக்கரு அளவுக்குத் திக்காகும்வரை வற்றவைத்து, நன்றாகக் குளிரவையுங்கள். 120 மி.லி.க்கு 200 கிராம் பொடித்த சீனி. இதை ஆவியில் வைக்க வேண்டாம். எலுமிச்சைச் சாறு சேர்த்து நுரைக்க அடித்து, சீனியைக் கரண்டி கரண்டியாகப் போட்டு 15 நிமிடமாவது அடியுங்கள். முட்டை மெரிங்கைவிட இது சீக்கிரம் நமுத்துப்போகும், ஆகவே கடைசி நேரத்தில்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். மார்ஷ்மல்லோவில் பேய் செய்வது இதைவிட எளிது என்பார்கள். உண்மைதான், ஆனால் அதிலுள்ள ஜெலட்டின் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலிருந்து வருவது. சிவப்பு நிறத்திலும் கார்மின் என்று போட்டிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்தது.

சீனிக் கண்ணாடி

வெள்ளைச் சீனி 200 கிராம், தண்ணீர் 90 மி.லி., கார்ன் சிரப் (மக்காச்சோளப் பாகு) 60 மி.லி. கார்ன் சிரப் கிடைக்காத ஊரில் குளுக்கோஸ் சிரப் அதே அளவு. நாட்டுச்சர்க்கரை வேண்டாம், கண்ணாடி கலங்கிப் பழுப்பாகும். சிரப் எதற்கென்றால், பாகு மறுபடி சீனியாக உறைந்து பூத்துப்போகாமல் தடுப்பதற்கு.

சீனி கரையும்வரை மட்டும் கிளறுங்கள். கொதி வந்தபின் கரண்டி போடவே கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சீனி மணிகளை ஈரத் தூரிகையால் உள்ளே தள்ளுங்கள். ஒரு மணி விழுந்தாலும் அதைப் பற்றிக்கொண்டு மொத்தப் பாகும் உறைந்துவிடக்கூடும். 150 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்குங்கள். 160-ஐ நெருங்கினால் மஞ்சள் ஏறும். கடலை உருண்டைக்குப் பாகு வைத்துப் பழகிய கைக்கு இந்தப் பதம் புதிதல்ல: குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஒலிக்க வேண்டும், வளைத்தால் வளையாமல் பட்டென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் தண்ணீர் மிச்சம் இருக்கிறது. அந்தக் கண்ணாடி மறுநாள் பல்லில் ஒட்டும்.

எண்ணெய் தடவிய 20×30 செ.மீ. தட்டில் ஊற்றுங்கள், சுமார் 3 மி.மீ. கனம் வரும். ஆறியதும் துணி போட்டு மூடி, பூரிக்கட்டையால் ஒரு தட்டு. துண்டுகளுக்கிடையே பேக்கிங் பேப்பர் வைத்து டப்பாவில் அடுக்குங்கள், பிரிட்ஜில் வேண்டாம். விளிம்புகள் உண்மையிலேயே வெட்டும். சின்னக் குழந்தைகள் இருந்தால் இதை மேசையில் வைக்காதீர்கள்.

ரத்தத்துக்கு கார்ன் சிரப் 3 மேசைக்கரண்டி, சிவப்பு ஜெல் நிறம் கால் தேக்கரண்டி, கொக்கோ கால் தேக்கரண்டி. கொக்கோவை விட்டுவிட்டால் ரத்தம் ரோஸ்மில்க் சிரப் போல் தெரியும். வெள்ளை ஐசிங் பூசிய கப் கேக்கில் கண்ணாடித் துண்டைக் குத்தி, குத்திய இடத்தில் ரத்தத்தை வழியவிடுங்கள். பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் இதைச் செய்ய வேண்டும். ஐசிங்கின் ஈரம் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

விஷ ஆப்பிள்

8 சிறிய ஆப்பிள்களுக்கு மேலே சொன்ன பாகின் இரட்டிப்பு: சீனி 400 கிராம், தண்ணீர் 180 மி.லி., சிரப் 120 மி.லி. புளிப்பான ஆப்பிளாக இருந்தால் தித்திப்பு திகட்டாது. தோல் கருஞ்சிவப்பாக இருந்தால் கறுப்பு ஆழமாகத் தெரியும். பச்சை ஆப்பிள்மேல் அதே நிறம் பாசி பிடித்ததுபோல் இருக்கும்.

கடை ஆப்பிளில் பெரும்பாலும் மெழுகு பூசியிருப்பார்கள். கொதிநீரில் 10 விநாடி முக்கி, துணியால் அழுத்தித் துடையுங்கள். மெழுகோ ஈரமோ இருந்தால் பாகு குமிழ் விடும், அல்லது சட்டைபோல் கழன்று விழும். பிரிட்ஜிலிருந்து எடுத்த ஆப்பிள் வியர்க்கும், எனவே இரண்டு மணி நேரம் வெளியே இருக்கட்டும். குச்சியைக் காம்புப் பக்கம் முக்கால்வாசி ஆழத்துக்குச் செருகுங்கள். பாகு 150 டிகிரி வந்து இறக்கியதும் கறுப்பு ஜெல் நிறம் ஒரு தேக்கரண்டி. சீறித் தெறிக்கும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து, ஆப்பிளை ஒரே சுற்றில் முக்கி எடுத்து, மிச்சம் வடியவிட்டு, எண்ணெய் தடவிய பேப்பரில் நிறுத்துங்கள். பாகு தடித்தால் மெல்லிய தீயில் மீண்டும் இளக்கலாம். பிள்ளைகள் அடுப்பருகே நிற்கக்கூடாது. கையில் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்றே செய்து அன்றே தின்ன வேண்டும் என்பதற்குக் காரணம் மொறுமொறுப்பு மட்டுமல்ல. 2014 இறுதியில் அமெரிக்காவில் கடையில் விற்ற கேரமல் ஆப்பிளால் லிஸ்டீரியா என்ற கிருமி பரவி, 12 மாநிலங்களில் 35 பேர் நோய்ப்பட்டார்கள். குச்சி குத்திய துளையில் கசியும் சாறு மேல்பூச்சுக்கும் தோலுக்கும் நடுவே தங்குகிறது. வெளியே வைத்திருந்தால் கிருமிக்கு அது வளர இடம். கேரமல் பூசியதைப் பிரிட்ஜில் வைத்துத் தப்பிக்கலாம். இந்தக் கண்ணாடிப் பாகுக்கு அந்த வழி இல்லை, உள்ளே வைத்தால் ஒரே இரவில் ஒழுகிவிடும். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் துண்டு போட்ட புது ஆப்பிளும், தொட்டுக்கொள்ள மேலே சொன்ன ரத்தமும் போதும்.

கறுப்பு நிறம் நாக்கிலும் பல்லிலும் ஏறும். குழுப்படம் எடுப்பதாக இருந்தால் ஆப்பிளுக்கு முன்பே எடுத்துவிடுங்கள், அல்லது வேண்டுமென்றே பின்னால் எடுங்கள். பாகு இறுகிய பாத்திரத்தைச் சுரண்ட வேண்டாம். தண்ணீர் நிரப்பிக் கொதிக்கவிட்டால் தானே கரையும்.