மோவாப் ஆற்றங்கரையில் கூடாரம்: முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இருக்கும் நம்மவர்கள் பலர் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவைப் பார்க்க யூட்டாவின் மோவாப் ஊருக்குப் போகிறார்கள். ஹோட்டலில் தங்கி, பாறை வளைவுகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஊரிலிருந்து வடக்கே இரண்டு மைல் போய் 128ஆம் நெடுஞ்சாலையில் வலப்பக்கம் திரும்பினால் ஒரு புறம் கொலராடோ ஆறு, மறுபுறம் நிமிர்ந்து நிற்கும் செம்பாறை. அந்தச் சாலையோரமாகவே ஒன்றன்பின் ஒன்றாக, கூடாரம் போட்டுத் தங்கும் கேம்ப்கிரவுண்டுகள் வரும். எல்லாம் பொது நிலம். பி.எல்.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கூட்டரசின் நில மேலாண்மைப் பணியகம் பார்த்துக்கொள்கிறது. ஓர் இரவுக்கு, ஒரு சைட்டுக்கு, அதாவது எண் போட்ட ஒரு கூடார இடத்துக்கு, 20 டாலர். இரவில் ஆற்றுச் சத்தத்தோடு தூங்கலாம்.

இங்கே திட்டமிடுவது என்றால் முக்கியமாக இரண்டு விஷயம்தான்: எந்த நாள் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவது என்பது ஒன்று, எவ்வளவு தண்ணீர் கொண்டுபோவது என்பது இன்னொன்று. மற்றவை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஏப்ரல், மே முதல் பாதி, செப்டம்பர் கடைசி, அக்டோபர். முதல்முறை போகிறவர்கள் இந்த மாதங்களைத் தாண்டி யோசிக்க வேண்டாம். ஜூலையில் பகல் வெப்பம் 100 டிகிரியை (38 செல்சியஸ்) தாண்டும். கூடாரத்துக்குள் உட்காரவே முடியாது. பாறை இரவிலும் சூட்டைக் கக்கும். மே கடைசியிலும் ஜூனிலும் ராக்கி மலைப் பனி உருகி ஆறு பெருகி ஓடும். கரையோரப் புதர்களில் கொசு மொய்க்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் மழையில் வறண்ட ஓடைகளில் வெள்ளம் வரும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் இரவு நன்றாகக் குளிரும் என்பதால் 30 டிகிரி ஃபாரன்ஹீட் வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக்கும், அதன் அடியில் விரிக்க மெத்தை போன்ற ஒரு பேடும் வேண்டும். குளிர் தரையிலிருந்துதான் ஏறும். மேலே எத்தனை போர்வை போட்டாலும் அடியில் பேட் இல்லாவிட்டால் தூக்கம் வராது.

2. வியாழக்கிழமை காலையே போய்விடுங்கள்

குழுக்களுக்கான பெரிய சைட்டுகளை மட்டும் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் முன்பதிவு செய்யலாம். குடும்பத்துக்கான சாதாரண சைட்டுகள் முதலில் வருகிறவருக்குத்தான். வசந்த காலத்தில் வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கிளம்பி இரவு எட்டு மணிக்கு வந்து சேர்ந்தால் இடம் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சால்ட் லேக் சிட்டியிலிருந்து நாலு மணி நேரம், டென்வரிலிருந்து ஐந்தரை மணி நேரம் ஓட்ட வேண்டும். ஒரு நாள் கூடுதலாக லீவு போட்டு, வியாழன் காலை ஒன்பது பத்து மணிக்குள் அங்கே இருப்பதுபோல் வாருங்கள். முதல்நாள் இரவு வழியில் கிராண்ட் ஜங்ஷன் போன்ற ஊரில் தங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்புவது குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு வசதி. ஞாயிறு முதல் புதன் வரை தங்க முடிந்தால் இன்னும் நல்லது. ஞாயிறு மதியத்துக்குள் பாதிப் பேர் காலி செய்துவிடுவார்கள்.

3. எந்தக் கேம்ப்கிரவுண்ட்?

ஊருக்கு மிகப் பக்கம் கூஸ் ஐலண்ட். அதனால்தான் முதலில் நிரம்பும். வண்டிச் சத்தமும் அதிகம். 128 பிரியும் முனையிலிருந்து ஏழு மைலுக்குள் ஹால் கேன்யன், ஓக் குரோவ். இரண்டிலும் மர நிழல் உண்டு. நிழல் என்பது அந்த ஊரில் பெரிய சொத்து. அதைத் தாண்டினால் பிக் பெண்ட். எதிரே நல்ல மணல்கரை இருப்பதால் குழந்தைகளுக்குப் பிடிக்கும். என்னைக் கேட்டால் 22 மைல் தாண்டி இருக்கும் ஹிட்டில் பாட்டம்தான். அங்கே பள்ளத்தாக்கு அகன்றுவிடும். ஃபிஷர் டவர்ஸ் பாறைக் கோபுரங்கள் சாயங்கால வெயிலில் சிவந்து தெரியும். ஊர் வெளிச்சம் எட்டாது. ஆனால் ஏதாவது மறந்துவிட்டால் கடைக்குப் போய்வர கிட்டத்தட்ட 50 மைல்.

மாற்று இடங்களையும் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 128 நிரம்பியிருந்தால் 279ஆம் சாலையில் ஆற்றோரமாகவே கோல்ட் பார் இருக்கிறது. 313ஆம் சாலையில் மேட்டுநிலத்தில் ஹார்ஸ்தீஃப் இருக்கிறது. ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கில் கண்ட இடத்தில் கூடாரம் போடுவதற்கு அனுமதி இல்லை. குறித்துவிட்ட சைட்டுகள் மட்டும்தான். செல்போன் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது. வரைபடத்தை வீட்டிலேயே டவுன்லோட் செய்துவிடுங்கள்.

4. சைட்டைப் பிடிக்கும் முறை

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். நுழைந்ததும் பணம் கட்ட நிற்காதீர்கள். முதலில் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு சைட்டின் முன்னும் எண் போட்ட கம்பம் இருக்கும். அதில் துண்டுச்சீட்டு செருகியிருந்தால் ஆள் இருக்கிறது என்று பொருள். கிளம்பும் தேதியும் அதிலேயே எழுதியிருக்கும். இன்றைய தேதி எழுதிய சீட்டைப் பார்த்தால் அங்கே மூட்டை கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சீட்டு இல்லாத கம்பம் கிடைத்ததும் ஒருவர் அங்கேயே இறங்கி நிற்கட்டும். இன்னொருவர் நுழைவாயிலில் இருக்கும் இரும்புக் குழாய்ப் பெட்டிக்குப் போக வேண்டும். பக்கத்திலேயே உறைகள் இருக்கும். பெயர், வண்டி எண், சைட் எண், எத்தனை இரவு என்பதை எழுதி, பணத்தை உள்ளே வைத்து ஒட்டி, ஓரத்துச் சீட்டைக் கிழித்துக்கொண்டு உறையைக் குழாய்க்குள் போட்டுவிடுங்கள். கிழித்த சீட்டை உங்கள் கம்பத்தில் செருகினால் இடம் உங்களுடையது. சில்லறை தர அங்கே யாரும் இல்லை. 20 டாலர் தாள்களும் ஒரு பேனாவும் கைவசம் இருக்கட்டும். தேசியப் பூங்காக்களுக்காக வாங்கும் சாதாரண ஆண்டு பாஸுக்கு இங்கே சலுகை கிடையாது. நாளை வரப்போகும் நண்பருக்காகப் பக்கத்து சைட்டைப் பிடித்துவைப்பதும் கூடாது.

5. தண்ணீர்

இந்தக் கேம்ப்கிரவுண்டுகளில் குழாய் கிடையாது. கழிப்பறை உண்டு, ஆனால் அதில் தண்ணீர் வராது. கை கழுவவும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டர் என்பது பொதுக் கணக்கு. சோறு வடித்து, பாத்திரம் கழுவி, காலைக்கடனுக்கும் தண்ணீர் வைத்திருக்கும் நமக்கு ஒன்றரை கேலன் என்று கணக்குப் போடுங்கள். நாலு பேர், இரண்டு நாள் என்றால் 12 கேலன். ஏழு கேலன் கேனை நிரப்பினால் 26 கிலோவுக்கு மேல் கனக்கும். தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். மூன்று கேலன் கேன்கள் நாலு வாங்குங்கள். 128 சாலை பிரியும் முனையில் இருக்கும் லயன்ஸ் பார்க்கில் பிடித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஊரிலேயே நிரப்பிவிடுங்கள்.

ஆறு பக்கத்தில் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது வண்டல் கலந்த செந்தண்ணீர். ஃபில்டரில் நேராக ஊற்றினால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு வேண்டுமானால் ஒரு வாளியில் மொண்டு இரவு முழுக்க ஆடாமல் வையுங்கள். விடிந்ததும் அடியில் களி படிந்து மேலே தெளிந்திருக்கும். படிகாரம் கொஞ்சம் கலக்கிவிட்டால் இன்னும் சீக்கிரம் தெளியும். கொலராடோவில் படகு விடுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். தெளிந்தது என்பதற்காகக் குடித்துவிடக் கூடாது. வடிகட்டிக் கொதிக்கவைத்த பிறகே குடிக்க வேண்டும்.

6. மணலில் கூடாரம் நிற்க

வசந்த காலத்தில் பிற்பகல் காற்று பலமாக அடிக்கும். கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் மணலில் பிடிக்காது, ஓர் இழுப்பில் வந்துவிடும். கடையில் கொடுக்கும் துணிப்பை நாலைந்து எடுத்துப் போங்கள். பையில் மணலை நிரப்பி வாயைக் கட்டி, கூடாரக் கயிற்றை அதன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போடுங்கள். கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காக ஓரடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, பையைப் புதைத்து, மேலே மணலைத் தள்ளி மிதித்து இறுக்குங்கள். பிறகு கயிற்றை இழுத்துப் பாருங்கள், அசையாது. வெளியே சுற்றப் போகும்போது கூடாரத்துக்குள் கனமான பொருள் ஏதாவது இருக்கட்டும். வறண்ட ஓடைப்பள்ளத்தில் மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள்.

7. சாப்பாடும் நெருப்பும்

முதல் இரவுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் வீட்டிலிருந்தே வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்த நாளுக்கு ஒரு கேஸ் ஸ்டவ் போதும். இரவில் உணவை வண்டிக்குள் பூட்டிவையுங்கள். எலியும் அண்டங்காக்கையும் பையைக் கிழித்துவிடும்.

விறகை ஊரிலேயே வாங்குங்கள், கரையில் பொறுக்கக் கூடாது. சைட்டில் இருக்கும் இரும்பு வளையத்துக்குள் மட்டும் மூட்டுங்கள். கோடையில் நெருப்புத் தடை இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். 128 சாலையிலேயே 1916இல் கட்டிய டூயி தொங்குபாலம் இருந்தது. 2008இல் ஒரு சிறுவன் தீக்குச்சியோடு விளையாடியதில் கிளம்பிய தீ, கரையோரப் புதர்வழி பரவி அதை எரித்துவிட்டது. இன்று கம்பிகளும் தூண்களும்தான் மிச்சம். காற்று வீசும் நாளில் நெருப்பே வேண்டாம்.

8. ஆற்றில் இறங்குவது

மேலே பார்க்க அமைதியாக இருந்தாலும் அடியில் இழுக்கும். கலங்கல் நீரில் ஆழம் தெரியாது. குழந்தைகள் முழங்கால் தண்ணீருக்குப் போனாலும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும். நீச்சல் தெரியும் என்று இதில் சமரசம் செய்ய வேண்டாம்.

9. கிளம்பும் நாள்

சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் ஊற்ற வேண்டும். சோற்றுப்பருக்கை, வெங்காயத் தோல் உட்பட எல்லாக் குப்பையும் பையில் உங்களோடு வரட்டும். கம்பத்துச் சீட்டையும் எடுத்துவிடுங்கள். டென்வர் பக்கம் போகிறவர்கள் மோவாபுக்குத் திரும்பாமல் 128 வழியாகவே வடக்கே போய் ஐ-70 ஏறிவிடலாம். ஆனால் வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது, அதனால் முந்தின நாளே டாங்கை நிரப்பிவையுங்கள்.