சாரல் ஊரில் பிலிம் கழுவுதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பக்கத்துப் பழைய ஸ்டுடியோக்காரர்கள் பிலிமை டெவலப் பண்ணுவது என்று சொல்ல மாட்டார்கள். ‘பிலிம் கழுவுவது’ என்றுதான் சொல்வார்கள். வீட்டில் முதன்முதலாகச் செய்து பார்க்கிறவர்களின் பெரிய தவறு இந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. கழுவத் தண்ணீர் வேண்டும் என்பது தெரிகிறது. அந்தத் தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றுவதில்லை.

பிலிமில் பதிந்த படத்தை வெளியே கொண்டுவரும் மருந்துதான் டெவலப்பர். அதன் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்கானது. செங்கோட்டையில் சித்திரை மாதம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் 30ஐத் தாண்டிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் காற்று வீசும் ஆடியில்கூட என் வீட்டுக் குழாயில் 25க்குக் கீழே நான் பார்த்ததில்லை. நாலைந்து டிகிரியில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு கோடக் நிறுவனமே கொடுத்திருக்கும் கணக்கைச் சொல்கிறேன். டிரை-எக்ஸ் 400 பிலிமை, டி-76 என்ற டெவலப்பரில் மேற்கொண்டு நீர் சேர்க்காமல் கழுவ, 20 டிகிரியில் ஆறே முக்கால் நிமிடம். 24 டிகிரியில் நாலே முக்கால் நிமிடம்தான். குழாய்த் தண்ணீரில் கரைத்துவிட்டு ஆறே முக்கால் நிமிடம் நிறுத்தினால், வானமும் வெள்ளை வேட்டியும் நெகட்டிவில் கரிக்கட்டையாகிவிடும். பிரிண்டில் அந்த இடம் வெறும் காகிதமாக நிற்கும்.

அதற்காக, சூடு ஏற ஏற நேரத்தைக் குறைத்துக்கொண்டே போவதும் தவறு. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால், பிலிமை வைத்துக் கழுவும் மூடிய டேங்க்கில் மருந்தை ஊற்றவும் கொட்டவும் ஆகிற நேரமே கணக்கைக் கெடுத்துவிடும். வானத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். நான் டி-76இல் சம அளவு தண்ணீர் சேர்த்து 24 டிகிரியில் கழுவுகிறேன். அதே டிரை-எக்ஸுக்கு அப்போது ஏழரை நிமிடம். நம் ஊரில் 20 டிகிரியைப் பிடித்து வைக்க மல்லுக்கட்டுவதைவிட 24இல் ஆடாமல் நிற்பது எவ்வளவோ மேல். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி, ஐஸ் கட்டிகளைப் பையில் கட்டி அதில் மிதக்க விடுங்கள். கட்டிகளை டெவலப்பருக்குள்ளேயே போட்டால் அது நீர்த்துப்போகும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அதன் அளவே 35 டிகிரிக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. பள்ளி ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கண்ணாடித் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

டெவலப்பரை மட்டும் குளிரவைத்து, மற்றதையெல்லாம் குழாயிலிருந்து நேரே எடுப்பவர்கள் உண்டு. டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ, கடைசியில் அலசும் தண்ணீர் எல்லாமே அந்த டப்புக்குள் இருக்க வேண்டும். பிலிமின் மேல் இருப்பது ஜெலட்டின். திடீரென்று சூடு மாறினால் அது சுருங்கி, காய்ந்த குளத்து மண்போல நுண்ணிய வெடிப்பு விடும். இன்றைய பிலிம்கள் இதை ஓரளவு தாங்குகின்றன. ஆனாலும் சோதித்துப் பார்க்கிற விலையில் பிலிம் இல்லை. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் 1967இல் உற்பத்தி தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் நம் மலையிலேயே பிலிம் செய்த காலம் போய்விட்டது. இல்போர்டு இங்கிலாந்திலிருந்தும் போமா செக் நாட்டிலிருந்தும் வர வேண்டியிருக்கிறது.

அடுத்தது சிவப்பு விளக்கு. சினிமாவில் டார்க் ரூம் என்றால் சிவப்பு வெளிச்சம் எரியும். அதைப் பார்த்துவிட்டு, நானும் குளியலறையில் சிவப்புப் பல்பு மாட்டி, ரோலை வெளியே உருவி, டேங்க்குக்குள் பிலிமைச் சுருளாகத் தாங்கும் ரீலில் ஏற்றினேன். முப்பத்தாறு படமும் ஒரே கறுப்பு. ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டியதும் அவர் சொன்னது: “சேப்பு லைட்டு பேப்பருக்குடே. பிலிமுக்குக் கும்மிருட்டுதான் வேணும்.” பிரிண்ட் போடும் காகிதத்துக்குச் சிவப்பு நிறம் தெரியாது. இப்போது நாம் வாங்கும் சாதாரண கறுப்பு வெள்ளை பிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும். கைக்கடிகாரத்தின் ஒளிரும் முள், பாக்கெட்டில் திடீரென விழிக்கும் போன், கதவின் அடியிடுக்கு எதையும் நம்பாதீர்கள். விளக்கை அணைத்து ஐந்து நிமிடம் உட்காருங்கள். அதன் பிறகும் உங்கள் விரல் உங்களுக்குத் தெரியக் கூடாது.

இருட்டறை இல்லாதவர்கள் கைகளை நுழைத்துக்கொள்ளும் கறுப்புப் பையைப் பயன்படுத்துகிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் சாரல் காலத்து ஈரக்காற்றில், பத்து நிமிடத்துக்குள் அந்தப் பை உள்ளே வேர்த்துவிடும். ஈரம் பட்ட பிலிம் பாதி ரீலில் ஒட்டிக்கொண்டு நகராது. அப்போது பலத்தைக் காட்டினால் பிலிம் மடங்கி, அந்த மடிப்பு ஒவ்வொன்றும் நெகட்டிவில் கறுப்புப் பிறையாக விழும். ஏற்றியது ஏற்றியபடி எல்லாவற்றையும் டேங்க்குக்குள் வைத்து மூடிவிட்டுக் கையை வெளியே எடுங்கள். துடைத்து, ஆறவிட்டு, பிறகு தொடருங்கள். ரீலை முந்தின நாளே வெயிலில் காயவைப்பதும், பிலிம் முனையின் இரண்டு மூலைகளையும் கத்தரியால் லேசாக உருட்டி வெட்டுவதும் இந்தத் தொல்லையில் பாதியைத் தீர்க்கும். பழைய ரோல் ஒன்றைத் தியாகம் செய்து, முதலில் பகலில் பார்த்தபடியும் பிறகு கண்ணை மூடியும் பழகுங்கள். நான் பழகியது இருபது தடவைக்குக் குறையாது.

குளிர்சாதனப் பெட்டியில் பிலிமைச் சேர்த்து வைப்பவர்கள், வெளியே எடுத்த கையோடு டப்பாவைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த செம்பின் வெளிப்புறம் நீர் பூப்பதுபோலப் பிலிமின் மேலும் பூக்கும். முதல் நாள் இரவே எடுத்து வைத்துவிடுங்கள்.

டி-76 பொடியில் பல சரக்குகள் கலந்திருக்கும். பாதிப் பாக்கெட்டை இன்றும் மீதியை அடுத்த மாதமும் கரைக்கலாம் என்பது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் எந்தப் பாதியில் எந்தச் சரக்கு எவ்வளவு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முழுப் பாக்கெட்டையும் 50 முதல் 55 டிகிரிச் சூட்டில் ஒரேயடியாகக் கரைத்து, சிறு பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். நிரம்பிய பாட்டில் ஆறு மாதம் தாங்கும். பாதி காலியானது இரண்டு மாதம்தான், உள்ளே இருக்கும் காற்றே அதைக் கெடுத்துவிடும். காபி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள். குளிர்பானப் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

டேங்க்கை மோர் கடைவதுபோல் விடாமல் குலுக்கினால் பிலிமின் ஓரத் துளைகளை ஒட்டிக் கோடு விழும். ஒவ்வொரு நிமிடத்தின் முதல் பத்து விநாடியில் நாலு முறை கவிழ்த்து நிமிர்த்தி, குமிழி போக அடியில் ஒரு தட்டு. அது போதும்.

கழுவும்போது எதையும் சரிக்கட்டிவிடலாம் என்ற நம்பிக்கையைப் பற்றி மனம்விட்டுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல படங்கள் அங்கேதான் போகின்றன. புளியரையில் நடவு நடக்கும்போது போயிருக்கிறீர்களா? மேலே சாரல் மேகம் வெள்ளைத் தகடாக மூடியிருக்கும். கீழே குனிந்து நடும் பெண்களின் முகம் நிழலில் இருக்கும். கேமராவின் மீட்டர் அந்த வானத்தையும் சேர்த்து அளந்து, வெளிச்சம் ஏராளம் என்று சொல்லும். அதைக் கேட்டு எடுத்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் நெகட்டிவ் கண்ணாடிபோல் வெறுமையாக இருக்கும். பிலிமில் பதியாத நிழலை எந்த டெவலப்பரும் கொண்டுவராது. நேரத்தைக் கூட்டினால் வானம்தான் இன்னும் கருக்கும். கிட்டே போய் முகத்தையோ சேலை மடிப்பின் நிழலையோ அளந்து, அதற்குத் தக்கபடி வையுங்கள். ஐந்தருவியில் இதே மீட்டர், வெள்ளை நுரையைப் பார்த்து ஏமாந்து தண்ணீரைச் சாம்பலாக்கிவிடும். அங்கே ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், சில நேரம் ஒன்றரை ஸ்டாப் கூடுதலாகத் திறக்க வேண்டும். 1960, 70களின் கேமராக்கள் பலவற்றின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. இன்று கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் அளவு தவறலாம். போன் மீட்டரோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஹைப்போவில் போதிய நேரம் வைக்காவிட்டால் பிலிம் பால் படிந்ததுபோல் இருக்கும். வெட்டி எடுத்த முனையை வெளிச்சத்திலேயே ஹைப்போவில் போட்டு, அது தெளிய எவ்வளவு நேரம் ஆகிறதோ அதைப்போல் இரண்டு மடங்கு வையுங்கள். தெளிய எடுக்கும் நேரம் புதுக் கரைசலில் ஆனதைவிட இருமடங்கானால் அந்த ஹைப்போ தீர்ந்தது. தீர்ந்ததை வாய்க்காலில் கொட்டாதீர்கள், அதில் வெள்ளி கரைந்திருக்கிறது, இங்கே வாய்க்கால் வயலுக்குப் போகிறது. கேனில் சேர்த்து வையுங்கள். எக்ஸ்ரே கூடங்களிலிருந்து பழைய ஹைப்போவை வாங்கி வெள்ளி பிரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசி அலசலுக்குப் போர்த் தண்ணீர் வேண்டாம், உப்பு வெள்ளைப் புள்ளியாகக் காயும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில், கோடு விழாமல் நீர் வழிய உதவும் வெட்டிங் ஏஜென்ட்டை 200க்கு 1 கலந்து, அதில் ஒரு நிமிடம் வைத்தால் போதும். விரலால் வழிக்காதீர்கள். ஃபேனும் போடாதீர்கள், ஊறிய ஜெலட்டினில் பறக்கும் தூசியெல்லாம் ஒட்டிவிடும். சற்று முன் தண்ணீர் ஊற்றித் தூசி அடங்கிய குளியலறையில், கீழ் முனையில் கனமான கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். பங்குனியில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆடியில் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் உறைக்குள் போட்டதும் ஒட்டிக்கொள்ளும். அந்த மாதம் மாலையில் தொங்கவிட்ட பிலிமை மறுநாள் காலை காபி குடித்த பிறகுதான் நான் வெட்டுகிறேன்.