வியட்நாமின் சதுரத் துளை நாணயங்கள்: சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகப்பில் உள்ள நான்கு எழுத்துகளைப் படித்துவிட்டால் நாணயம் யாருடையது என்று தெரிந்துவிடும் என நம்புவதுதான், வியட்நாமின் பழைய நாணயங்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தவறு. பெரிய தவறும் அதுவே. எழுத்துகள் சீன எழுத்துகள். அவற்றில் இரண்டு ஆட்சிக்காலத்தின் பெயரைச் சொல்லும். மற்ற இரண்டு 'தோங் பாவ்', 'நுயென் பாவ்' போன்ற நாணயச் சொல்லாக இருக்கும். பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு பழகினால் இவற்றைப் படிப்பது கடினமல்ல. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

'நுயென் ஃபோங் தோங் பாவ்' என்று படிக்கப்படும் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிரான் அரச மரபின் முதல் மன்னர் தாய் தோங் 1251 முதல் 1258 வரை பயன்படுத்திய ஆட்சிப் பெயர் அது. ஆனால் அதே எழுத்துகளை அவருக்கு முன்பே, 1078 முதல் 1085 வரை, சீனாவின் சோங் அரசு பயன்படுத்தி நாணயங்களை மலைமலையாக வார்த்துத் தள்ளியிருந்தது. 1659-க்குப் பிறகு ஜப்பானின் நகசாகியில் இதே பெயரில் ஏற்றுமதிக்கென்றே நாணயங்கள் வார்க்கப்பட்டு, டச்சு வணிகர்களின் கப்பல்களிலும் சீனக் கப்பல்களிலும் வியட்நாமுக்கு வந்து இறங்கின. ஆக, பெயர் ஒன்று, நாடு மூன்று, இடைவெளி ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள். சோங் நாணயம் மிக மலிவானது. டிரான் நாணயம் அரிது. முன்னதைப் பின்னதன் விலைக்கு வாங்கி ஏமாறுவது எவ்வளவு எளிது என்று பாருங்கள்.

"வியட்நாம் மண்ணிலிருந்து தோண்டி எடுத்தது" என்று விற்பவர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது எதையும் நிரூபிப்பதில்லை. அங்கே சந்தையில் சீன நாணயங்களும் ஜப்பானிய நாணயங்களும் உள்நாட்டு நாணயங்களோடு கலந்தே புழங்கின. புதைத்துவைத்த பானைகளிலும் கலந்தே கிடக்கின்றன. பெயரோடு எழுத்தின் பாணி, விளிம்பின் அகலம், உலோகத்தின் நிறம், தடிமன் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். நல்ல படங்கள் உள்ள பட்டியல் ஒன்றுக்கு முதலில் செலவு செய்யுங்கள். நாணயத்துக்கு அடுத்த மாதம் செலவு செய்யலாம்.

பின்பக்கத்தைப் பார்க்காமலேயே வாங்குவது அடுத்த தவறு. பல நாணயங்களின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும் என்பதால் வந்த அலட்சியம் இது. து டுக் மன்னரின் (1848–1883) பித்தளை நாணயங்களில் பின்னால் 'லுக் வன்' என்று இரண்டு எழுத்துகள் இருந்தால், அது ஆறு துத்தநாகக் காசுகளுக்குச் சமம் என்று பொருள். அதே மன்னரின் துத்தநாகக் காசு சிலவற்றில் ஹனோய் என்ற ஊர்ப்பெயர் பின்னால் இருக்கிறது. முகப்பு மட்டும் தெரியும் படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

தொடக்கத்திலேயே அரிய நாணயத்தின் மேல் கண் வைப்பவர்கள் அதிகம். வியட்நாமின் முதல் நாணயமாகக் கருதப்படும் 10-ஆம் நூற்றாண்டின் 'தாய் பின் ஹுங் பாவ்', மின் மாங் மன்னர் (1820–1841) பரிசாக வழங்கிய பெரிய அளவுக் காசுகள், 1861-ல் வந்த 10 முதல் 60 வன் (காசு) வரையிலான 'து டுக் பாவ் சாவ்' வரிசை ஆகியவற்றைத் தேடித் தேடிப் போலி செய்கிறார்கள். உண்மையான நூறு சாதாரண நாணயங்களைக் கையில் எடுத்துப் பார்க்காத கண்ணுக்கு இந்தப் போலிகள் பிடிபடாது.

நான் பரிந்துரைப்பது கான் ஹுங் காலத்தை. லே அரச மரபின் ஹியென் தோங் மன்னரின் இந்த ஆட்சிப் பெயர் 1740 முதல் 1786 வரை நீடித்தது. நாணயங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, விலையும் குறைவு. ஆனால் அதற்குள் எத்தனை வகைகள்! 'தோங் பாவ்' மட்டுமல்ல, 'கு பாவ்', 'வின் பாவ்', 'டாய் பாவ்', 'சி பாவ்' என்று நாணயச் சொல் மாறிக்கொண்டே போகும். இரண்டு கான் ஹுங் நாணயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வெளிவிளிம்பில் மெல்லிய அரக் கீறல்கள் தெரியும்; வார்த்த நாணயங்களைச் சதுரக் கம்பியில் கோத்து, உருளாமல் பிடித்து, ஒன்றாக அராவிய தடம் அது. துளையின் ஓரங்கள் கயிறு உரசி மழுங்கியிருக்கும். எழுத்து தேய்ந்திருக்க, துளையின் ஓரம் மட்டும் கத்திபோல் கூராக இருந்தால் சந்தேகப்படுங்கள். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தால், பழமையால் வந்ததுபோல் தோன்றும் பச்சை நிறம் பஞ்சில் ஒட்டுகிறதா? அது பூசிய வண்ணம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: நல்ல நாணயத்தைப் போலி என்று ஒதுக்குவது. வியட்நாமிய நாணயங்கள் பல, சீன நாணயங்களைவிட மெல்லியவை, சிறியவை. எடை குறைவு என்பது மட்டுமே போலிக்குச் சான்றாகாது. காய் டின், பாவ் டாய் ஆகிய கடைசி மன்னர்களின் காசுகளில் வார்த்தவையும் உண்டு, எந்திரத்தில் அடித்தவையும் உண்டு. மெல்லிய, சீரான பாவ் டாய் காசைப் பார்த்து "இது புதிதாக இருக்கிறதே" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மன்னர் ஒருவரின் பெயரில் வெளிவந்த சதுரத் துளைக் காசுகளில் உலகிலேயே கடைசியாக வந்தவை அவைதான்.

இப்போது சுத்தம் செய்வது. வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை, நாணயத்தையும் தேய்க்கத் துடிக்கும். தயவுசெய்து வேண்டாம். வெண்கலத்தின் மேல் காலம் படியவைத்த நிறம் போய்விட்டால் திரும்ப வராது. பாதி மதிப்பும் அதோடு போகும். துத்தநாகக் காசின் நிலை இன்னும் மோசம். ஜியா லாங் மன்னரின் காலத்திலும் (1802–1820) பெருமளவில் வந்த இந்தச் சாம்பல் நிறக் காசுகளைப் புளி, எலுமிச்சை, வினிகர் ஆகியவற்றில் உள்ள அமிலம் அரித்துத் தின்றுவிடும். அவை எளிதில் உடைபவையும்கூட. ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் துத்தநாகக் காசுகளைப் பிரிக்க முயன்றால் கையில் துண்டுகள்தான் மிஞ்சும். பழைய கயிற்றோடு ஒரு சரம் கிடைத்தால் அதை அப்படியே வைத்திருங்கள். மண் மட்டும் ஒட்டியிருந்தால், வெண்கல நாணயத்தைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் நீக்கலாம். அதற்கு மேல் போக வேண்டாம்.

பிவிசி உறைகளில் வைப்பதும் கூடாது. அந்தப் பிளாஸ்டிக் நாளடைவில் பிசுபிசுத்து, செம்பு கலந்த நாணயத்தில் பச்சைப் பிசினைப் படியவிடும். மைலார் என்ற பாலியெஸ்டர் படல உறையும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். கடலோர ஊர்களில் பொட்டலத்தை அடிக்கடி மாற்றுங்கள்.

வியட்நாமுக்கே போய் வாங்குபவர்கள் சட்டத்தை மறந்துவிடக் கூடாது. நூறாண்டைக் கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருட்களை அந்நாட்டின் பண்பாட்டு மரபுச் சட்டம் தொல்பொருளாகக் கருதுகிறது. அனுமதியின்றி வெளியே கொண்டுவருவது குற்றம். கடைக்காரர் தரும் ரசீது அந்த அனுமதி ஆகாது. விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, ஏற்கெனவே முறையாக வெளிநாட்டுக்கு வந்து, பழைய ஏலப் பதிவோடு விற்பனையாகும் நாணயத்தைச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது நல்லது.