தெருவிலிருந்து வந்த நாயை மலைப்பக்கம் கூட்டிப் போவது எப்படி? (சமணர் மலை அனுபவத்தில்)

செவலை எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் பின்னங்காலில் அடிபட்டுக் கிடந்தவள். நாட்டு நாய்தான். நீண்ட முகத்தையும் ஒட்டிய வயிற்றையும் பார்த்தால், ஏதோ ஒரு தலைமுறையில் கன்னியோ சிப்பிப்பாறையோ, நம் ஊர் வேட்டை நாய் இனம் ஒன்று கலந்திருக்கும் என்று தோன்றும். ஞாயிறு தவறாமல் நானும் அவளும் கீழக்குயில்குடி போய்ச் சமணர் மலை அடிவாரத்தில் நடக்கிறோம். ரேபிஸ் ஊசி, ஏழு நோய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

1. பெல்ட்டை நம்பாதீர்கள்

என்னைத் தவிக்கவிட்ட இடம் இதுதான். முதல் தடவை வெறும் கழுத்து பெல்ட்டோடு கூட்டிப் போனேன். அய்யனார் கோயில் ஆலமரத்தைத் தாண்டும்போது ஊருக்குள் எங்கோ வேட்டுப் போட்டார்கள். செவலை தலையைத் தாழ்த்திப் பின்னால் நகர்ந்தாள். நான் முன்னால் நின்று செயினை இழுத்தேன். அதுதான் தப்பு. இந்த மாதிரி நாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை பெரிதாக இருக்காது. இழுத்த இழுப்பில் பெல்ட் காது வழியாகக் கழன்று என் கையோடு வந்துவிட்டது. அவள் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட்டாள். இரண்டரை மணி நேரம் கத்திக் கூப்பிட்டுத் தேடினேன். கடைசியில், நிறுத்தி வைத்திருந்த என் ஸ்கூட்டருக்கு அடியில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தாள். அன்று அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்வது இது:

- மார்புக்கும் வயிற்றுக்குமாக மூன்று பட்டை உள்ள ஹார்னஸ். மூன்றாவது பட்டை விலா எலும்பு முடிந்து இடுப்பு ஒடுங்கும் இடத்தில் விழ வேண்டும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும்.
- கழுத்து பெல்ட்டையும் விடாதீர்கள். சின்னக் கொக்கி ஒன்றால் இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள். ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும்.
- வீட்டுக்குள் கதவைச் சாத்திவிட்டு, முன்னால் நின்று மெதுவாக இழுத்துப் பாருங்கள். அங்கே கழன்றால் மலையிலும் கழலும்.
- நாய் பின்வாங்கினால் இழுக்காதீர்கள். கயிற்றைத் தளர்த்தி, அதன் பக்கவாட்டுக்குப் போய் நில்லுங்கள்.

பட்டனை அமுக்கினால் நீளும் கயிறு வேண்டவே வேண்டாம். ஆறடி நூல் கயிறுதான் கைக்கு அடங்கும்.

2. பத்து நாள் வீட்டிலேயே

தெருவில் வளர்ந்த நாய்க்கு உடம்பில் கட்டுவது என்றாலே பயம். ஹார்னஸைப் போட்டு, உப்புப் போடாமல் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு கொடுத்து, உடனே கழற்றிவிடுங்கள். இரண்டு நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

3. நேரம்

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். மதுரை வெயிலில் பாறை சீக்கிரம் காயும். புறங்கையைப் பாறையில் 7 விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். குட்டையில் தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், எலிக்காய்ச்சல் வரலாம். நாக்கு அகன்று தொங்கி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய், இருக்கிற தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். பிறகு நேரே மருத்துவரிடம்.

4. வழியில்

செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் பக்கம் நான் அவளை ஏற்றுவதில்லை. ஆயிரம் வருடத்துக்கு மேலான தீர்த்தங்கரர் சிற்பங்கள் உள்ள இடம். கும்பிட வருகிறவர்களும் உண்டு. தாமரைக் குளத்தை ஒட்டியும் அடிவாரத்திலுமே நடக்க நிறைய இருக்கிறது.

ஊர் நாய்கள் குரைத்து வந்தால் ஓடாமல் வந்த வழியே மெல்லத் திரும்புங்கள். கல் எடுக்கக் குனியாதீர்கள். ஒருமுறை நான் குனிந்தபோது ஊர் நாய்களுக்கு முன்னால் செவலைதான் தரையோடு ஒட்டிப் படுத்தாள். கல்லடி அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து செருப்பு வாரைச் சரிசெய்யக்கூட அவள் முன்னால் நான் திடீரென்று குனிவதில்லை.

5. திரும்பியதும்

விரலிடுக்கில் நெருஞ்சி முள், காதுக்குள் உண்ணி. இரண்டையும் பாருங்கள். உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். அடுத்த சில வாரங்களில் சாப்பாட்டைத் தொடாமல், ஈறு வெளுத்துப் போனால் உண்ணிக் காய்ச்சலா என்று ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: ஹார்னஸ் முன்னங்கால் இடுக்கில் தோலை உரித்துவிட்டதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பழைய பனியன் துணியைப் பட்டையில் சுற்றித் தைத்துவிடுங்கள், செவலைக்கும் அப்படித்தான். இன்னொருவரின் நாய் பாதி வழியில் படுத்துக்கொண்டு எழவே இல்லையாம், என்ன செய்வது என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் யோசித்ததே இல்லை. இப்போது பையில் ஒரு பழைய நாலு முழ வேட்டி வைத்திருக்கிறேன். விரித்து நாயைப் படுக்கவைத்தால், ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் தூக்கி வந்துவிடலாம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியையும் எழுப்பிக் கூட்டிப் போகிறேன்.