ஜெர்மனில ஒரு நாள் போர்ஷே 911 வாடகைக்கு எடுக்கணும்னா

நம்ம வேலூர் பக்கம் ஜெர்மனி போறவங்களுக்கு பஞ்சமே இல்ல, ஆம்பூர் ராணிப்பேட்டை லெதர் கம்பெனி ஆளுங்க பையரை பாக்க போறாங்க, விஐடி முடிச்ச பசங்க எம்எஸ் படிக்க போறாங்க, அப்புறம் அவங்கள பாக்க அப்பா அம்மா போறாங்க. அதுல கார் மேல உசுரா இருக்குறவங்களுக்குத்தான் இத எழுதறேன். ஸ்டுட்கார்ட் பக்கம் போனா ஒரே ஒரு நாளாவது 911 எடுத்து ஓட்டிடுங்க. 1963-ல ஃப்ராங்க்ஃபர்ட் ஷோல 901-ன்னு பேர் வெச்சு காட்டின கார் அது, நடுவுல சைபர் வர்ற மூணு நம்பர் பேரு எங்களுதுன்னு பெஜோங்கற பிரெஞ்சு கார் கம்பெனி மல்லுக்கு நின்னதால 911 ஆச்சு, இன்னிக்கு வரைக்கும் இன்ஜின் பின்னாடிதான், கூரை பின்பக்கமா இறங்குற அந்த சரிவும் மாறல.

முக்கால்வாசி வேலை வேலூர்லயே முடிச்சிடணும். முதல்ல இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட். சாரதி வெப்சைட்ல அப்ளை பண்ணி நம்ம ஆர்டிஓ ஆபீஸ்ல வாங்கணும், பாஸ்போர்ட் விசா காப்பி எல்லாம் கைல வெச்சிக்கோங்க, ஃபீஸ் 1000 ரூபா, ஒரு வருஷம் செல்லும். பர்மிட் மட்டும் காட்டினா போதாது, ஒரிஜினல் லைசன்ஸும் கூடவே இருக்கணும். அங்கயே குடியிருக்குற பசங்களுக்கு நம்ம லைசன்ஸ் ஆறு மாசம்தான் செல்லும், அதோட 25 வயசு ஆகலன்னா நிறைய எடத்துல 911 குடுக்கவே மாட்டாங்க, அதனால பாக்க வந்த அப்பா ஓட்டட்டும், பையன் பக்கத்துல உக்காந்து வழி சொல்லட்டும், அதுவும் நல்லாதான் இருக்கும்.

அடுத்தது கார்டு. டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டுதான் கேப்பாங்க, அதுவும் ஓட்டறவர் பேர்லயே இருக்கணும், இந்த மாதிரி காருக்கு ஆயிரக்கணக்கான யூரோ பிளாக் பண்ணுவாங்க, அதனால லிமிட் எவ்ளோ இருக்குன்னு பாத்துட்டு ஆப்ல இன்டர்நேஷனல் ஆன் பண்ணிட்டு கிளம்புங்க. மெஷின்ல ரூபாயா யூரோவான்னு கேட்டா யூரோவையே அழுத்துங்க, ரூபாய்னா ரேட்ல அடிச்சிடுவாங்க.

புக் பண்றப்ப "911 அல்லது அதே மாதிரி கார்"னு போட்டிருந்தா அத விட்ருங்க, 911-தான்னு உறுதியா எழுதி தர்ற எடத்துல எடுங்க. கிலோமீட்டர் கணக்கு, இன்சூரன்ஸ் இருந்தும் நாம கட்டவேண்டிய தொகை, டயர் கண்ணாடி வீல் எல்லாம் இன்சூரன்ஸ்ல கவர் ஆவுதா, இந்த மூணையும் படிக்காம கையெழுத்து போடாதீங்க. பக்கத்து நாட்டுக்கு ஓட்டிக்கினு போகணும்னா முன்னாடியே எழுத்துல பர்மிஷன் வாங்கணும். நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்ல சாதாரண வாடகை கார இறக்கவே கூடாது, ஒப்பந்தத்துலயே தடை போட்டிருப்பாங்க.

வண்டி கைக்கு வந்ததும் ஆசையில ஏறி உக்காந்துடாதீங்க. வீடியோ ஆன் பண்ணி ஒரு சுத்து வாங்க, நாலு வீலையும் கிட்டக்க எடுங்க, முன் பம்பர் அடி உதட்ட குனிஞ்சு பாத்து எடுங்க, கீறல் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். ஸ்டார்ட் பண்றது ஸ்டியரிங்க்கு இடது பக்கம், கதவு ஓரமா. டிக்கி முன்னாடி இருக்கு, பெரிய சூட்கேஸ் போகாது, துணிப்பைதான் சரி.

இப்போ முக்கியமான விஷயம். பள்ளிகொண்டா டோல் தாண்டி ஆம்பூர் போற வழில லாரி ரைட் லேன்லயே ஊர்ந்து போய்க்கினு இருக்கும், நாம லெஃப்ட்ல ஏறி கடந்துடுவோம், அந்த பழக்கத்த இங்கயே விட்டுட்டு போங்க. அங்க எல்லாமே வலது பக்கம், ஓவர்டேக் இடது பக்கம் மட்டும்தான், முடிச்ச உடனே வலது லேனுக்கு திரும்பிடணும், இல்லன்னா 200-ல வர்றவன் பின்னாடியே வந்து நிப்பான். இடது சீட்ல உக்காந்தா கார் தானா வலது பக்கம் ஒதுங்கும், வீல் நடைபாதை கல்லுல உரசறது அதனாலதான். ரெண்டு நாள் முன்னாடி சின்ன ஆட்டோமேடிக் கார் எடுத்து ஓட்டி கை பழகிக்கிட்டு அப்புறம் 911-ல ஏறுங்க.

ஆட்டோபான்ல, அதாவது அங்க இருக்குற எக்ஸ்பிரஸ்வேல, ஸ்பீடு லிமிட் இல்லாத எடத்துல கூட 130 கிலோமீட்டர் வேகம்தான் சிபாரிசு. என்ன கேட்டா 911-க்கு அந்த நேர் ரோடு வேஸ்ட். பாடன்-பாடன் ஊருக்கு போய் பி500 ரோட்ட புடிச்சு ஃபிராய்டன்ஸ்டாட் வரைக்கும் ஓட்டுங்க, பிளாக் ஃபாரஸ்ட்னு சொல்ற கருங்காட்டு மலை மேல சுமார் 60 கிலோமீட்டர், ஏலகிரி மாதிரி கொண்டை ஊசி இல்ல, நீளமான வளைவுங்க, வெளிய வர்றப்ப ஆக்சிலரேட்டர மெதுவா அழுத்தினா பின்னாடி இருக்குற இன்ஜின் வெயிட்டு காரை ரோட்டோட அமுக்கி தள்றது முதுகுலயே தெரியும். நடுவுல மும்மெல்சே ஏரில நிறுத்தி டீ குடிங்க. ஸ்டுட்கார்ட்ல இருந்து போய் வர்றதுக்கு மொத்தம் 250 கிலோமீட்டர் சுமாரா ஆவும், 200 லிமிட் பேக்கேஜ் பத்தாது. ஞாயித்துக்கிழமை பைக் கூட்டம் ஜாஸ்தி, வார நாள்ல போங்க, பனிக்காலம் வேணாம்.

திருப்பி விடறதுக்கு முன்னாடி கிட்டக்க இருக்குற பங்க்ல 98 ஆக்டேன் பெட்ரோல் ஃபுல் பண்ணி பில்ல பத்திரமா வையுங்க. டெபாசிட் திரும்ப வர கொஞ்ச நாள் ஆவும். ஸ்பீடு கேமரால மாட்டியிருந்தா வாடகை கம்பெனி உங்க அட்ரஸ போலீஸுக்கு குடுத்துட்டு அதுக்கு தனியா ஒரு சார்ஜ் கார்டுல எடுக்கும், அபராத லெட்டர் வீட்டுக்கே வரும், அதனால ஊருக்கு வந்தப்புறமும் கொஞ்ச மாசம் கார்டு ஸ்டேட்மென்ட்ட பாத்துக்கினே இருங்க.