மொசைக்கை உடைக்கும் முன்: பழைய வீட்டைப் புதுப்பிப்பதில் நடக்கும் தவறுகள்

பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம் 1980-களில் கட்டிய பல வீடுகள் ஒரே சாயலில் இருக்கும். மொசைக் தரை, கிரில் போட்ட வராண்டா, மாடிப்படிச் சுவரில் சிமென்ட் ஜாலி. வீடு களையில்லாமல் இருக்கிறது என்று முதலில் இவற்றில்தான் கைவைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த வீட்டுக்கு முகம் என்று இருப்பதே இவைதான்.

மொசைக் மங்கியிருந்தால் பாலிஷ் மிஷின் போடுங்கள். மேல்பரப்பு தேய்ந்து, உள்ளே கிடக்கும் மார்பிள் சில்லுகள் மறுபடி பளிச்சென்று தெரியும். கீறலை அதே நிறச் சிமென்டும் சில்லும் கலந்து அடைக்கலாம். மேலேயே டைல்ஸ் ஒட்டினால் தரை உயர்ந்துவிடும்; கதவுகளின் அடியை அறுக்க வேண்டும், மாடிப்படியின் முதல் படி மட்டும் குட்டையாகிப் பெரியவர்கள் தடுக்கி விழுவார்கள்.

ஜாலியைக் கண்ணாடி வைத்து அடைக்காதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று வீட்டுக்குள் நுழைய அதுதான் வழி. தூசி தொல்லை என்றால் உள்பக்கம் வலை அடித்தால் போதும்.

திருநெல்வேலி டவுனிலும் கல்லிடைக்குறிச்சியிலும் இருக்கிற இன்னும் பழைய வீடுகள் என்றால் சுவரைக் கவனியுங்கள். சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக உதிரும். பெயர்ந்த இடத்தில் சுண்ணாம்புச் சாந்தே பூசி, வெள்ளையடிப்பதுதான் சரி.

இன்னொரு பெரிய தவறு, தட்டட்டி (மொட்டை மாடித் தளம்) ஒழுகும்போதே கீழே ஃபால்ஸ் சீலிங் போடுவது. கறை மறையும், ஒழுக்கு மறையாது. கம்பி துருப்பிடித்துக் காரை விழும் வரை யாருக்கும் தெரியாது. ஐப்பசி மழைக்கு முன்பே தட்டோடுகளின் இடுக்குகளைப் பார்த்து அடைத்துவிடுங்கள், அழகெல்லாம் அப்புறம்.

தேக்குக் கதவில் அடித்த பழைய பெயிண்டை எடுப்பது நல்ல வேலை. ஆனால் உலர்வாகச் சுரண்டக் கூடாது, ஊதுவிளக்கு வைத்துப் பொசுக்கவும் கூடாது. அதில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அலங்காரத்துக்குக் காரைக்குடித் தூண் மாதிரியைத் தேடிப் போக வேண்டாம். காருகுறிச்சி மண்பானை ஒன்று வராண்டாவில் இருந்தாலே வீடு நம் ஊர் வீடாகிவிடும். பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்டுவதானால் ஈரம் ஏறாத சுவராகப் பாருங்கள், கோரையில் சீக்கிரம் பூசணம் பிடிக்கும்.