டேடோனா கடற்கரையில் கார் ஓட்டப் போகிறீர்களா?

புளோரிடாவின் டேடோனா பீச்சில் கட்டணம் கட்டிக் காரை மணலில் இறக்கும் முன், அன்றைய ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் கரையில் ஏறி வற்றும் நேரப் பட்டியலைப் பாருங்கள். ஓதம் வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இறங்கிவிடுங்கள்.

வற்றிய நேரத்தில் கரை அகலமாக விரியும்; ஈர மணல் இறுகித் தார்ச்சாலை போல டயரைத் தாங்கும். 1958 வரை கார்ப் பந்தயங்களே இம்மணலில் நடந்தன. 1959-இல்தான் புதிய பந்தயத் திடலுக்கு மாறின. ஓதம் ஏறினால் பாதை சுருங்கும், நுழைவாயில்களை மூடிவிடுவார்கள், கட்டிய பணம் வீண். வற்றும் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவதால் நேற்றைய கணக்கு உதவாது.

இரவில் வற்றினால் பயனில்லை. பகலில் மட்டுமே கார்களுக்கு அனுமதி. மேல்கரையின் உலர்ந்த, பொலபொலவென்ற மணலில் எந்நேரமும் சக்கரம் புதையும்.